ஊசியின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள்: குடியாத்தத்தில் எங்க அப்பாவுக்கு நடந்தது

குடியாத்தம், பேரணாம்பட்டு, பள்ளிகொண்டா பக்கம் இருப்பவர்கள், முக்கியமாக வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

கெங்கையம்மன் சிரசு திருவிழா முடிந்த மறுநாள் விடியற்காலை அப்பா என்னை எழுப்பினார். "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினே இருக்குதும்மா, நிக்கவே மாட்டேங்குது." நாற்பது வருஷம் லுங்கித் தறியில் உட்கார்ந்தவர். வலி என்று லேசில் வாயைத் திறக்க மாட்டார். ஆட்டோ பிடித்து, பக்கத்திலேயே இருந்த ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போனோம்.

ஈசிஜி எடுத்தார்கள். நாடி 150, அதுவும் தாறுமாறாக. பிரஷர் 130. "ரிதம் மாறியிருக்கு, ஊசி போட்டா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு டியூட்டி டாக்டர் போய்விட்டார். ஈசிஜி மெஷினையும் வேறு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சிஸ்டர் ஒரு சின்ன ஆம்பூலை (கண்ணாடி மருந்துக் குப்பி) உடைத்து சிரிஞ்சில் இழுத்து, புறங்கையில் போட்டிருந்த ஊசிக்குழாயில் நேராக ஏற்றினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "இன்னா ஊசி சிஸ்டர்?" என்று கேட்டேன். "ஹார்ட்டுக்குமா" என்றார்.

"கண்ணு இருட்டிக்கினு வருதும்மா" என்ற அப்பாவுக்கு உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்துவிட்டது. பிரஷர் பார்த்தபோது 70. காலைத் தூக்கிப் பிடித்து, வேகமாக சலைன் ஏற்றி ஒருவழியாக மேலே கொண்டுவந்தார்கள். அதன்பிறகும் அதே மருந்தை ஒரு சலைன் பாட்டிலில் கலந்து, துளியைக் கண்ணால் பார்த்து ஓட விட்டார்கள். சாயங்காலத்துக்குள் கை வீங்கி, நரம்பு ஓடும் வழியெல்லாம் சிவந்து கோடு போட்டுவிட்டது. எரியுது எரியுது என்று அப்பா புலம்பினார். "அது அப்படித்தான் இருக்கும்" என்ற பதில்தான் எங்களுக்குக் கிடைத்தது.

மறுநாள் நாங்களே டிஸ்சார்ஜ் கேட்டு, வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்ன ஊசி, இதுவரைக்கும் எவ்வளவு உள்ளே போயிருக்கு?" எங்கள் கையில் இருந்த டிஸ்சார்ஜ் சீட்டில் "ஊசி மருந்து கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்துக் கடை பில்லைத் தேடி எடுத்துக் காட்டிய பிறகுதான் அது அமியோடரோன், தாறுமாறான இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்து, என்று தெரிந்தது. பில்லில் பத்து ஆம்பூல். டிரேயில் நான் பார்த்த காலி ஆம்பூல் மூன்று. மீதி அப்பா உடம்பில் போனதா, எங்கே போனது என்று சொல்ல யாரும் இல்லை.

அந்த டாக்டர் எனக்கு விளக்கமாகச் சொன்னார். அமியோடரோன் நல்ல மருந்துதான், தவறு கொடுத்த விதத்தில். ஒரு ஆம்பூல் 3 மில்லி, அதில் 150 மில்லிகிராம். நாடி ஓடிக்கொண்டிருக்கிற ஆளுக்கு அதை 5% டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரை கலந்த டிரிப் திரவம்) கலந்து, பத்து நிமிஷம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். அடுத்த 6 மணி நேரம் நிமிஷத்துக்கு 1 மில்லிகிராம், பிறகு 18 மணி நேரம் நிமிஷத்துக்கு அரை மில்லிகிராம். மொத்தம் ஏறக்குறைய 1000 மில்லிகிராம். இதயம் நின்றுபோனவருக்கு 300 மில்லிகிராம் வேகமாக ஏற்றுவார்கள், அது வேறு கதை. மற்றபடி வேகமாகப் போனால் பிரஷர் விழும், மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவமே அதற்கு ஒரு காரணம். உப்பு சலைனில் கலந்தால் மருந்து பிரிந்து படிந்துவிடலாம். இந்த மருந்து கலந்தால் துளியின் அளவே சிறுத்துப்போகும், அதனால் துளி எண்ணிக் கொடுக்கும் கணக்கு தப்பாகும். அதற்குத்தான் அளவு வைத்து மருந்தை ஏற்றும் பம்ப். கை நரம்பில் நீண்ட நேரம் ஓடினால் நரம்பு வெந்துபோகும், அதற்குக் கழுத்துப் பக்கம் பெரிய நரம்பில் லைன் போடுவார்கள். இவ்வளவு நேரமும் மானிட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்களுக்கு மானிட்டர் மாட்டவே இல்லை. ஆனால் பில்லில் இரண்டு நாள் மானிட்டர் சார்ஜ் போட்டு வாங்கிவிட்டார்கள். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அளவை எழுதாமல் அனுப்பியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்த மருந்து உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகுமாம். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபாரின் மாத்திரையின் வேலையை இது கூட்டிவிடும், ரத்தத்தில் டிகாக்ஸின் என்ற இதய மருந்தின் அளவையும் ஏற்றிவிடும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த டாக்டர் எப்படி மாத்திரை எழுதுவார்? இதில் அயோடின் வேறு நிறைய இருக்கிறது. தைராய்டு கோளாறு இருப்பவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

என் சித்தி இதைக் கேட்டுவிட்டு, "இனிமே அந்த ஊசியே வேணாம்னு சொல்லிடு" என்றார். அப்படிச் சொல்லிவிடாதீர்கள். அதே மருந்தை வேலூரில் பம்ப் வைத்து, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார்கள். அப்பாவின் துடிப்பு மறுநாள் காலை ஒழுங்குக்கு வந்தது.

ஊசி போட வரும்போது அதன் பெயரைக் கேளுங்கள். எதில் கலக்கிறீர்கள், எவ்வளவு நேரத்தில் ஏற்றுவீர்கள், மானிட்டர் எங்கே என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்தச் சின்னப் பெண் சிஸ்டரை நான் குறை சொல்லவில்லை, அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் அங்கே இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால், போட்ட ஊசியின் பெயர், மில்லிகிராம், நேரம் மூன்றையும் எழுதி வாங்காமல் படியிறங்காதீர்கள். சிகிச்சைக் குறிப்பின் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளே சொல்கின்றன.

நானும் எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் ஒரே ஒரு பக்கம் தந்தார்கள். அதிலும் அளவு என்ற இடம் காலியாகத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தையும் பத்து ஆம்பூல் பில்லையும் சேர்த்து, மருத்துவ ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் (ஜே.டி.) அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அப்பா இப்போது நடமாடுகிறார். இடது புறங்கையில் நரம்பு மட்டும் இன்னும் கயிறு மாதிரி கெட்டியாக இருக்கிறது.