நேர்காணல் பயிற்சி, வேலை உறுதி என்று பணம் கேட்கும் இடங்கள்: புதிதாகப் பதிவு பெற்ற செவிலியர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜி.என்.எம். பட்டயப் படிப்பு முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில், அதாவது நாம் வழக்கமாகக் கவுன்சில் என்று சொல்லும் இடத்தில், பதிவுச் சான்றிதழ் வாங்கிவிட்டு முதல் வேலைக்குக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருச்சியில் உள்ள ஒரு பயிற்சி மையம் என்னிடமும் என்னோடு படித்த சிலரிடமும் நேர்காணல் பயிற்சி என்ற பெயரில் பணம் வாங்கி ஏமாற்றியது. அதோடு நிற்காமல், எங்கள் அசல் சான்றிதழ்களையும் பிடித்து வைத்துக்கொண்டது. வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே முறையில் இயங்கும் மையங்கள் வேறு ஊர்களிலும் இருக்கின்றன. ஆகவே பெயரைவிட அவர்கள் செயல்படும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

கவுன்சில் சான்றிதழ் கைக்கு வந்த சில நாட்களிலேயே தொலைபேசி அழைப்பு வந்தது. எங்கள் எண்கள் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தன என்பது இன்றுவரை தெரியவில்லை. பேசிய பெண் மிகவும் கனிவாகப் பேசினார். "சிஸ்டர், கவுன்சில் சர்ட்டிஃபிகேட் வந்துடுச்சா? ஃப்ரெஷர்னா பெரிய ஹாஸ்பிட்டல்ல நேரா எடுக்க மாட்டாங்க. எங்க மூலமா போனீங்கன்னா இன்டர்வியூ வெறும் ஃபார்மாலிட்டிதான்" என்றார். நான்கு ஆண்டுகள் படித்து, கல்விக் கடன் தவணை தொடங்கப் போகிற நேரத்தில், வீட்டில் எல்லோரும் எப்போது வேலை என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, இந்த வார்த்தைகளுக்கு இருக்கும் வலு அந்த நிலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் அவர்கள் அழைக்கிறார்கள்.

மொத்தக் கட்டணம் 25,000 ரூபாய். முதலில் 15,000, வேலை கிடைத்த பின் 10,000 என்றார்கள். அம்மாவின் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்து அப்பா முதல் தவணையைக் கட்டினார். பணம் போனது மையத்தின் கணக்குக்கு அல்ல, ஒரு தனி நபரின் யு.பி.ஐ. எண்ணுக்கு. கொடுத்த ரசீதில் வாசலில் தொங்கும் பலகையில் உள்ள பெயர் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை, "பதிவுக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்ற முத்திரை மட்டும் சிவப்பு மையில் இருந்தது. தொலைபேசியில் சொன்ன "வேலை உறுதி" என்ற சொல் எந்தத் தாளிலும் இல்லை. பயிற்சி மையங்கள் வேலை உறுதி என்பது போன்ற பொய்யான வாக்குறுதிகளைத் தந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. அதனால்தான் அந்தச் சொல்லை வாயால் மட்டும் சொல்கிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

பயிற்சி என்பது ஒரு வினா-விடைப் புத்தகத்தை மனப்பாடம் செய்வதுதான். பணத்தைவிட எனக்கு அதிகக் கோபம் தந்தது அந்தப் புத்தகம். மருத்துவக் கழிவுகளைப் பிரிப்பது பற்றிய கேள்விக்குக் கறுப்புப் பையும் சேர்த்து 1998 விதிகளின் நிறங்களை அச்சிட்டிருந்தார்கள். 2016 விதிகளின்படி இப்போது வார்டில் இருப்பவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நான்குதான். ஊசி நீக்கிய சிரிஞ்சும் நரம்பு வழியாக மருந்து ஏற்றும் குழாயான ஐ.வி. செட்டும் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில், உடைந்த ஆம்பியூல் போன்ற கண்ணாடி நீலத்தில் போக வேண்டும். பெரியவர்களுக்கு சி.பி.ஆர்., அதாவது நின்ற இதயத்தை இயக்க முயலும் முதலுதவி செய்யும்போது, மார்பு அழுத்தங்களுக்கும் ஊதும் மூச்சுகளுக்கும் உள்ள விகிதம் 15:2 என்று இன்னொரு பக்கத்தில் இருந்தது. 2005ஆம் ஆண்டு நெறிமுறைகளிலேயே அது 30:2 ஆக மாறிவிட்டது. 15:2 என்பது இரண்டு பேர் சேர்ந்து குழந்தைக்குச் செய்யும்போது மட்டும். இதை வகுப்பிலேயே எழுந்து சொன்னேன். பயிற்றுநர், "புக்ல இருக்கறத சொன்னா போதும்மா, இன்டர்வியூல யாரும் இவ்வளவு நோண்ட மாட்டாங்க" என்றார். அவர் செவிலியர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கல்லூரியில் சரியாகப் படித்த ஒருவரைத் தவறான விடைக்குப் பழக்கி, அந்த விடையோடு அவரை ஒரு நோயாளியின் கட்டிலருகே அனுப்புகிற வேலை இது. என் பணம் போனதோடு இது முடிகிற விஷயமில்லை.

அங்கே "எம்.ஆர்.பி. நேர்காணலுக்குச் சிறப்புப் பயிற்சி" என்றும் தனியாகப் பணம் வாங்கினார்கள். எம்.ஆர்.பி. எனப்படும், 2012இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர்களை எழுத்துத் தேர்வு மதிப்பெண், இடஒதுக்கீடு, சான்றிதழ் சரிபார்ப்பு ஆகியவற்றைக் கொண்டே தேர்ந்தெடுக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்காக 2020 முதல் நடக்கும் நார்செட் தேர்விலும் நேர்காணல் கிடையாது. இல்லாத நேர்காணலுக்குப் பயிற்சி தருகிறோம் என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வருவதற்கு அது ஒன்றே போதிய காரணம்.

பிறகு எங்களைச் சென்னையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். வரவேற்பு மேசைக்குப் பக்கத்துச் சுவரில், செவிலியர்களுக்கு நேரடி நேர்காணல், அனுபவம் இல்லாதவர்களும் வரலாம், கட்டணம் இல்லை என்று அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. மதுரையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தாங்களாகவே வந்தவர்கள் அதே வரிசையில், அதே டோக்கனோடு நின்றார்கள். மையத்தின் பெயரைச் சொல்லி மனிதவளப் பிரிவில் கேட்டேன். அங்கிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "நாங்க எந்த ஏஜென்சியும் வைக்கலையேம்மா, யார்கிட்ட பணம் கட்டினீங்க?" என்றார். எங்களோடு வந்த மையத்து ஆள் அதற்குள் வெளியே போய்விட்டிருந்தார். யாருக்கும் திறந்திருக்கும் கதவைக் காட்டுவதற்குத்தான் 25,000 ரூபாய் என்பது அந்த மேசையின் முன்னால்தான் விளங்கியது. வந்த எங்களில் யாரும் அன்று தேர்வாகவில்லை. என்னோடு வந்த ஒருத்தி புத்தகத்தில் இருந்த கறுப்புப் பையை அப்படியே சொல்லிவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தாள். அவள் எங்கள் வகுப்பில் நன்றாகப் படித்தவள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் அடுத்த பிரச்சினை தொடங்கியது. மருத்துவமனை சரிபார்க்கும் என்று சொல்லி எங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், கவுன்சில் பதிவுச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலையும் சேரும்போதே வாங்கி வைத்திருந்தார்கள். மீதி 10,000 ரூபாயைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். பதிவுச் சான்றிதழின் அசல் இல்லாமல் எந்த மருத்துவமனையிலும் வேலையில் சேர முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். சித்தப்பா நீதிமன்றத்தில் எழுத்தர். அவர்தான், கல்விச் சான்றிதழ் ஈடாகப் பிடித்து வைக்கும் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருப்பதை எடுத்துச் சொல்லி, அப்பாவையும் என்னையும் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். புகார் எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். நிலையத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு போனதும், அதுவரை தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்று சொல்லப்பட்ட சான்றிதழ்கள் அந்த அலுவலக அலமாரியிலிருந்தே வெளியே வந்தன. பணத்துக்கு மட்டும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொன்னார்கள். நேர்காணலுக்கு அசலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். அசலைக் கையிலிருந்து விடுவது வேலையில் சேரும்போது மருத்துவமனை கேட்டால்கூட யோசிக்க வேண்டிய விஷயம். இடைத்தரகரிடம் விடவே கூடாது.

இந்த மையம் வெளிநாட்டு வேலை என்றும் ஒரு திட்டம் வைத்திருந்தது. ஒன்றரை லட்சம் கட்டினால் வளைகுடாவில் வேலை, புரோமெட்ரிக் தேர்வை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் பேச்சு. அந்த நாடுகளில் பணி உரிமம் பெறுவதற்கான புரோமெட்ரிக் தேர்வைச் செவிலியர்தான் தன் பெயரில் பதிவு செய்து எழுத வேண்டும். சான்றிதழ்கள் உண்மையானவையா என்று பார்க்கும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பும் அப்படியே. 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு பெற்ற முகவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்களுக்கு 2015 முதல் இன்னும் கூடுதலான கட்டுப்பாடு உண்டு: அரசு அனுமதித்த முகமைகள் வழியாகவே போக வேண்டும். அப்படிப்பட்ட முகமைகளில் ஒன்றான தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். நான் பார்த்தேன், இந்த மையத்தின் பெயர் அதில் இல்லை.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு வேறொரு மருத்துவமனைக்கு நானாகவே போனேன். அங்கே என்ன கேட்டார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த 25,000 ரூபாய்க்கு நான் எதிர்பார்த்தது இதைத்தான். நர்சிங் சூப்பிரண்டென்ட் மேடம் முதலில் ஒரு வெள்ளைத் தாளைத் தந்து, 500 மி.லி. நார்மல் சலைன் நான்கு மணி நேரத்தில் போக வேண்டும், செட்டில் 1 மி.லி.க்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை என்று போடச் சொன்னார். 500ஐ 20ஆல் பெருக்கி 240ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42 சொட்டு. பிறகு எழுந்து வார்டுக்கே அழைத்துப் போய், அவசர மருந்துகள் இருக்கும் வண்டியான கிராஷ் கார்ட்டின் மேல் தட்டைத் திறந்து, அட்ரினலின் எடுத்துக் காட்டச் சொல்லி, இதயம் நின்றவருக்கு எவ்வளவு, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று கேட்டார். 1 மி.கி., மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. பொட்டாசியம் குளோரைடை நேரடியாக ஐ.வி. புஷ் கொடுக்கலாமா என்றார். ஒருபோதும் கூடாது, கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கம் வருகிறது, நீ தனியாக இருக்கிறாய், முதலில் என்ன செய்வாய் என்பதுதான் அவர் நீண்ட நேரம் நின்று கேட்ட கேள்வி. ஏற்றுவதை உடனே நிறுத்தி, செட்டை மாற்றி நார்மல் சலைனில் நரம்பைத் திறந்து வைத்து, மருத்துவருக்குச் சொல்லி, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் வெப்பநிலையும் பார்த்து, பையின் லேபிளையும் நோயாளியின் அடையாளத்தையும் மறுபடி ஒப்பிட்டு, பையையும் செட்டையும் ரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு படிக்கும் "அடுத்து?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தார். ஆங்கிலம் எப்படிப் பேசுகிறேன் என்று அவர் பார்க்கவே இல்லை. கல்லூரிக் குறிப்பேட்டையும் வார்டு அனுபவப் பதிவேட்டையும் ஒருமுறை நிதானமாகத் திருப்பிப் பார்த்தவர்களால் இவை எல்லாவற்றுக்கும் விடை சொல்ல முடியும். ஒத்திகை வேண்டுமென்றால் கல்லூரி ஆசிரியரிடமோ, ஏற்கெனவே வேலையில் இருக்கும் சீனியர் அக்காவிடமோ கேளுங்கள். என் சீனியர் ஒருவர் இரவுப் பணி முடித்து வந்து தூங்காமல் எனக்குச் சொல்லித் தந்தார்.

ஏற்கெனவே பணம் கட்டிச் சிக்கியிருப்பவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இணையம் வழியாகப் பணம் அனுப்பி உடனே ஏமாற்றம் தெரிந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாரை நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், மையம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை; ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட புகாருக்குக் கட்டணமும் கிடையாது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், பெண்கள் அனைவருக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு. எங்கள் புகாரை எழுதித் தந்ததும் அங்கே இருந்த வழக்கறிஞர்தான். யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், ரசீதின் படம், வாட்ஸ்அப் உரையாடல், வேலை உறுதி என்று பேசிய குரல் பதிவு ஆகியவற்றை அழிக்காமல் வையுங்கள். எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லாத நிலையில், ஒரு தோழியின் தொலைபேசியில் தங்கியிருந்த குரல் பதிவுதான் இப்போது முக்கியச் சான்று. புகார் செய்வதற்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அதே மையத்தில் எங்களுக்கு முந்தைய அணியில் பணம் கட்டியவர்களில் பலருக்கு அந்தக் காலம் இன்னும் முடியவில்லை.