ஹெர்பி ரெப்ளிகா கட்ட எந்த பீட்டில், எந்தப் பாகம், எவ்வளவு பணம்: ஒரு விமர்சனம்

சினிமாக் கார்களில் வீட்டு ஷெட்டில் வைத்துக் கட்டி முடிக்கக்கூடிய விலையில் இருப்பது ஹெர்பிதான். பேட்மொபைல் என்றால் உடலையே வார்க்க வேண்டும். டெலோரியன் என்றால் அடிப்படைக் காரை வாங்கும்போதே பாதிப் பணம் போய்விடும். 'தி லவ் பக்' படத்தில் வரும் ஹெர்பியோ பெயின்ட்டும் கோடும் 53 என்ற எண்ணும் போட்ட ஃபோக்ஸ்வேகன் பீட்டில். உலகம் முழுக்க 2.15 கோடிக்கும் மேல் தயாரான கார் அது. மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் கடைசி வண்டி இறங்கியது 2003 ஜூலையில். அதனால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை.

இந்தச் சுலபம்தான் பலரைக் கவிழ்க்கிறது. "ஏதாவது ஒரு பீட்டில், வெள்ளை பெயின்ட், ஒரு ஸ்டிக்கர் செட்" என்று கணக்குப் போட்டு இறங்குகிறவர்கள், பாதி வழியில் காரை விற்றுவிடுகிறார்கள். அமெரிக்கச் சந்தையில் கிடைக்கும் அடிப்படைக் கார்களையும் புதிதாக வார்த்து விற்கும் பாகங்களையும் எடைபோட்டு, எதற்குப் பணம் தரலாம், எதற்குத் தரக் கூடாது என்று இங்கே சொல்கிறோம். விலைகள் எல்லாம் திட்டமிடுவதற்கான தோராயம். ஊருக்கு ஊர் மாறும்.

முதலில் ஆண்டு. 1968-ல் வந்த 'தி லவ் பக்' படத்தின் கார் 1963 மாடல் டீலக்ஸ் வகை; துணியால் ஆன மடக்குக் கூரை கொண்டது. இந்தத் துணிக் கூரைக்கு 1963 மாடலே கடைசி. 1964 மாடலில் இரும்புத் தகடு நகரும், கைப்பிடி சுற்றும் கூரை வந்துவிட்டது. அதே 1964-ல் முன் மட்கார்டு மேல் உள்ள இண்டிகேட்டரும், பின் நம்பர் பிளேட் விளக்கின் உறையும் அகலமாயின. 1965-ல் எல்லாக் கண்ணாடிகளும் பெரிதாயின. இதைப் பாகம் மாற்றிச் சரிசெய்ய முடியாது. அமெரிக்க வண்டிகளில் 1967-லிருந்து ஹெட்லைட் செங்குத்தாக நிற்கும், 1968-லிருந்து பம்பர் தடித்துவிடும். 1971-ல் வந்த சூப்பர் பீட்டிலின் மூக்கே வேறு. எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பின்னால் போனாலும் வரம்பு உண்டு. 1958 முதல் 1961 வரை கண்ணாடி அளவு பொருந்தும். ஆனால் பின் விளக்கு சிறியது, டேஷ்போர்டில் பெட்ரோல் முள் கிடையாது. பின் விளக்குக்காக மட்கார்டையும் மாற்ற வேண்டிவரும். ஆக, 1962, 1963 இரண்டும் முதல் தேர்வு. 1964 வண்டி நல்ல உடலோடு கிடைத்தால் வாங்கலாம், இண்டிகேட்டர் துளைகளை அடைத்து மாற்றிக்கொள்ளலாம். கூரைதான் தகராறு. அதற்குப் பிறகு வருவோம்.

காரைப் பார்க்கப் போகும்போது ஒரு காந்தம், ஒரு மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், ஒரு ஜாக்கி போதும். கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் சேனல்தான், அதாவது சூடான காற்றை முன்னால் கொண்டுபோகும் இரும்புப் பெட்டிதான், இந்தக் காரின் முதுகெலும்பு. வெளியே புது பெயின்ட் பளபளத்தாலும் உள்ளே அது உளுத்திருக்கலாம். ஓரத்தில் உள்ள ஜாக்கிப் புள்ளியில் காரைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடிக்கிறது, இடைவெளி மாறுகிறது என்றால் சேனல் போய்விட்டது. பிறகு பின் சீட்டைத் தூக்குங்கள். வலப்பக்கம் பேட்டரி உட்காரும் இடம் ஆசிட் பட்டு ஓட்டை விழுந்திருக்கும். இது ஏறக்குறைய எல்லா பீட்டிலிலும் உள்ள நோய். அந்த ஓட்டையை மட்டும் காட்டி விலையைக் குறைக்கப் பேசலாம். காரையே ஒதுக்கத் தேவையில்லை. அதே இடத்தில், நடுக் குழாய் மேல் சேசிஸ் எண் பொறித்திருக்கும். பத்திரத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். உடல் 1963, தளம் வேறு ஆண்டு என்று ஒட்டுப்போட்ட வண்டிகள் நிறையவே சுற்றுகின்றன. பதிவின்போதுதான் குட்டு உடையும்.

இனிப் பாகங்கள். தளத் தகடு புதிதாக வார்த்து விற்கிறார்கள். இரண்டு பாதியாகவும் கிடைக்கும், கால்வாசித் துண்டுகளாகவும் கிடைக்கும். தடித்த தகட்டில் வருவதை வாங்குங்கள். மெலிந்தது வெல்டிங் சூட்டில் நெளியும், சீட் தண்டவாளமும் நேராக உட்காராது. ஹீட்டர் சேனலில் விலை பார்க்கவே கூடாது. மலிவான சேனல்களில் உள்ளே காற்று போகும் குழாய் இருக்காது, வெறும் பெட்டிதான் வரும். குளிர் ஊரில் முன் கண்ணாடியில் படியும் பனி விலகாமல் திண்டாட வேண்டிவரும். சேனலை வெட்டும் முன் கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்துவிட வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்து, கதவு மாட்டிப் பார்த்துவிட்டே அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் அறுத்தால் உடல் நடுவில் இறங்கிவிடும். அதன் பிறகு எந்த டிங்கராலும் கதவை நேராக்க முடியாது.

மட்கார்டு விஷயத்தில் எங்கள் தீர்ப்பு தெளிவு: நசுங்கிய பழைய ஜெர்மன் மட்கார்டைத் தட்டி எடுப்பது, புதிய மலிவு மட்கார்டைப் பொருத்துவதைவிட மேல். புதியவற்றில் போல்ட் துளை தள்ளியிருக்கும், ஹெட்லைட் வாய் சரியான வட்டமாக இருக்காது. மாட்டிப் பார்த்து, அரத்தால் ராவி, மீண்டும் மாட்டி, அதன் பிறகே பெயின்ட்டுக்கு அனுப்ப வேண்டும். ரப்பருக்கும் கதவு சீலுக்கும் இது இன்னும் பொருந்தும். தடித்த மலிவு சீல் போட்டால் கதவு அறைந்தால்தான் மூடும். கலிபோர்னியாவின் வுல்ஃப்ஸ்பர்க் வெஸ்ட் போல பழைய ஃபோக்ஸ்வேகன் பாகங்களையே தொழிலாகக் கொண்ட கடைகளில் விலை கூடுதல்தான். ஆனால் பம்பர், விளக்கு உறை, ரப்பர் போன்ற கண்ணுக்குத் தெரியும் பாகங்களை அங்கே வாங்குவதே நியாயம். பழைய அசல் பாகத்துக்கு 'தி சம்பா' விளம்பரத் தளத்தையும் கார் சந்தைகளையும் பாருங்கள். மட்கார்டு, மூடி போன்ற பெரிய தகடுகளை நேரில் போய் எடுத்துவருவது நல்லது. லாரி வாடகை சில சமயம் பாகத்தின் விலையைத் தாண்டும், வழியில் நசுங்கியும் வரும்.

கூரைக்கு வருவோம். துணிக் கூரையோடு வரும் பீட்டிலுக்குச் சந்தையில் விலை ஏற்றம் உண்டு. தகட்டுக் கூரை வண்டியை வாங்கி, கூரையை அறுத்து, செட் வாங்கிப் பொருத்தினால் மிச்சம் என்று தோன்றும். சட்டம், பக்கத் தண்டவாளம், மடங்கும் விலாக்கள், துணி, பூட்டு, கூலி, உள்கூரைத் துணி எல்லாம் சேர்த்தால் அந்த மிச்சம் காணாமல் போகும். எனவே கூரையோடு கிடைக்கும் வண்டிக்கு 2,000 டாலர் வரை கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை. அதில் சட்டமும் தண்டவாளமும் துருவாமல் இருந்தால் போதும், துணி கிழிந்திருந்தால் பரவாயில்லை. வேலையின் வரிசை மாறக் கூடாது: சட்டம், அடுத்து உள்கூரைத் துணி, அதன் பிறகு மேல் துணி. உள்கூரைத் துணிக்குக் கண்ணாடிகளைக் கழற்ற வேண்டும்; ஆகவே பெயின்ட் முடிந்து கண்ணாடி மாட்டும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.

எஞ்சினில் அசலைக் கட்டி அழ வேண்டியதில்லை. மூடிக்கு அடியில் இருப்பதை யாரும் படத்தோடு ஒப்பிடப் போவதில்லை. 1963-ன் 1200 சிசி எஞ்சின் 40 குதிரைத்திறன், மின்சாரம் 6 வோல்ட். பலரும் 1600 சிசி எஞ்சினும் 12 வோல்ட்டும் போடுகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஃப்ளைவீல். 6 வோல்ட்டுக்கு 109 பல், 12 வோல்ட்டுக்கு 130 பல். பெரியது பழைய கியர்பாக்ஸ் கூட்டுக்குள் உராயும். கூட்டை உள்ளே கொஞ்சம் அரைத்து எடுக்க வேண்டும். ஸ்டார்ட்டர் புஷ்ஷும் மாறும். பல்புகள், ஃப்ளாஷர், காயில், ஹாரன் எல்லாம் 12-க்கு மாற வேண்டும். வைப்பர் மோட்டாருக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டால் ஓடும். பெட்ரோல் முள் கம்பியால் இழுபடுவது, அதற்கு மின்சாரமே தேவையில்லை. எஞ்சின் உட்கார்ந்ததும் மூடியை ஒருமுறை மெதுவாக மூடிப் பாருங்கள், ஏர் ஃபில்டர் இடிக்கக்கூடும்.

பிரேக்கில் மட்டும் சமரசம் கூடாது. 1963-ல் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. இரட்டைச் சுற்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வெளியே தெரியாது. பேட்டரி மேல் மூடி இல்லாமல் பின் சீட்டில் ஆளை உட்கார வைக்கவே வேண்டாம். சீட்டின் ஸ்பிரிங் பேட்டரி முனைகளைத் தொட்டுத் தீப்பிடித்த வண்டிகள் உண்டு. டயர் அசல் 5.60-15. இன்று 165 அளவில் 80 தொடர் 15 அங்குலம் போட்டால் தோற்றம் சரியாக வரும்.

பெயின்ட்டின் குறியீடு எல்87, பேர்ல் ஒயிட். பெயரைக் கேட்டதும் கடைக்காரர் மினுமினுக்கும் முத்துப் பூச்சு கலந்துவிடுவார். இது எந்த மினுக்கமும் இல்லாத, லேசாகக் கிரீம் அடிக்கும் சாதா வெள்ளை. குறியீட்டைச் சொல்லி, ஒரு தகட்டில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கதவு ஓரம், மூடியின் உள்பக்கம் உட்பட அடிக்க நான்கு லிட்டர் வரை கலர் வேண்டும். பின்னால் ஒரு மட்கார்டைத் தொட நேர்ந்தால் உதவும், ஆகவே அதே கலவையில் கால் லிட்டர் எடுத்து மூடி வையுங்கள். பட்டி கனமாக இட்ட கார் ஒரு வெயில் காலத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே, படப்பிடிப்புக் கார்களில் விளக்கொளி பிரதிபலிக்காத சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். அதையும் செய்தால் உள்ளே எட்டிப் பார்ப்பவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

ஸ்டிக்கர் செட்டுகள் கடைக்குக் கடை வேறுபடும். படத்துக்குப் படம் கோட்டின் அகலமும் நிறமும் மாறியிருப்பதும் அதற்கு ஒரு காரணம். எந்தப் படத்தின் ஹெர்பி என்று முதலில் முடிவு செய்யுங்கள். முதல் படம் என்றால் வெளியே ஃபோக்ஸ்வேகன் முத்திரைகள் இருக்காது. அசல் முத்திரை வீல்கப்புக்குச் செலவழிக்க வேண்டாம். எண் வட்டத்தின் அளவுக்குச் செட் விற்பவரை நம்பாதீர்கள். பக்கவாட்டாக நிற்கும் காட்சியை நிறுத்தி, சக்கரத்தை அளவுகோலாக வைத்து விகிதம் எடுங்கள். உங்கள் வண்டியின் சக்கரத்தை அளந்தால் வட்டத்தின் அளவு வந்துவிடும்.

ஸ்டிக்கர் வகையில் காஸ்ட் வினைல் (திரவமாக ஊற்றி வார்த்தது) மட்டுமே சரி. பீட்டிலின் முன் மூடி இரண்டு திசையிலும் வளைவது. உருளைகளுக்கு இடையே அழுத்தித் தயாரிக்கும் மலிவான காலண்டர்டு வினைல் அங்கே ஓரம் தூக்கிக்கொள்ளும், வெயிலில் சுருங்கும். பெயின்ட் அடித்து ஒரு மாதமாவது ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருந்து வாயு கிளம்பிக் குமிழ் விடும். முன் மூடி, கூரை, எஞ்சின் மூடி மூன்றுக்கும் நடுவில் ஒரே நூல் பிடித்துக் குறியிட்டுவிட்டு ஒட்டுங்கள். தனித்தனியாக அளந்தால் கோடு வளையும். துணிக் கூரை மேல் வினைல் நிற்காது. அங்கே கோடு வேண்டுமென்றால் வினைல் துணிக்கான பெயின்ட்டைத்தான் அடிக்க வேண்டும். கருப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில் ஓஎஃப்பி 857 கலிபோர்னியா பிளேட்டைக் கண்காட்சியில் மட்டும் மாட்டுங்கள். சாலையில் உங்கள் சொந்தப் பதிவு எண்தான் இருக்க வேண்டும். கடைசிப் பந்தயத்தில் கார் இரண்டாகப் பிளந்து ஓடுமே, அதற்கான செட் மட்டும் இதுவரை எந்தக் கடையிலும் வரவில்லை.

மொத்தம் 27,000 டாலர் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஓடும் நிலையில், நடுத்தரத் துருவோடு துணிக் கூரை வண்டிக்கு 9,000 ஒதுக்குங்கள். தகட்டு வேலைக்கு 4,000, பெயின்ட்டுக்கு 4,500, கூரைக்கும் உள்கூரைக்கும் 2,000. எஞ்சின், வயரிங், பிரேக்குக்கு 2,000, டயருக்கு 500, குரோம், ரப்பர், சீட்டுக்கு 1,500. எண், கோடு, பிளேட் எல்லாம் சேர்ந்து 200. மீதி 3,300-ஐ எக்காரணம் கொண்டும் தொடாமல் வையுங்கள். தளத்தைப் பிரித்த பிறகு அது தானாகவே செலவாகும். ஹெர்பி என்று ஊரே அடையாளம் காணும் சமாசாரத்துக்கு நூறில் ஒரு பங்கு கூடப் போகவில்லை. பெரும்பங்கு யாருமே குனிந்து பார்க்காத இடத்துக்குப் போகிறது. வெல்டிங் உங்களுக்கே தெரியும் என்றால் தகட்டுத் தொகை பாதியாகும். பெயின்ட்டை நீங்களே அடிப்பது மட்டும் வேண்டாம், எல்87 மேல் சின்ன அலை கூடத் துல்லியமாகத் தெரியும்.

எல்லா ரசீதுகளையும் வேலை நடக்கும் படங்களையும் சேர்த்து வையுங்கள். சாதாரணக் காப்பீட்டில் இது அறுபது வருஷத்துப் பழைய கார் என்ற கணக்கில்தான் போகும். முன்கூட்டியே மதிப்பை ஒப்புக்கொள்ளும் கிளாசிக் கார் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, ரெப்ளிகா என்பதைச் சொல்லி, அந்த ரசீதுகளை இணைத்து மதிப்பு கேளுங்கள்.