12 வருடமாகப் பழைய மாடல் ரயில் இன்ஜின்களைப் பிரித்ததில் கண்டது

நிஜ ரயிலைச் சிறிதாக்கிச் செய்த பழைய மாடல் ரயில் இன்ஜின்களை வாங்கிப் பிரித்து, துடைத்து, மறுபடி ஓட விடுவதில்தான் 12 வருடமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன. இதுவரை கைக்கு வந்தவை நாற்பதுக்குக் குறையாது. பெரும்பாலும் ஹெச்ஓ, ஓஓ ரகங்கள். முன்னது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு (1:87), பின்னது 76-ல் ஒரு பங்கு (1:76) அளவு என்றாலும் இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான். பாதிக்கு மேல் "ஓடவில்லை" என்று சொல்லியே என்னிடம் தள்ளிவிடப்பட்டவை. அவற்றில் மோட்டார் நிஜமாகவே எரிந்திருந்தது மூன்றோ நான்கோ. மற்றதெல்லாம் கிரீஸ் பண்ணிய வேலை.

பல வருடம் பெட்டிக்குள்ளேயே கிடந்த இன்ஜினின் கியர் மூடியைத் திறந்தால், ஒரு காலத்தில் கிரீஸாக இருந்தது காவி நிற மெழுகாக இறுகிப்போயிருக்கும். பல்குச்சியால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும். மோட்டார் அச்சில் ஸ்க்ரூ மரை போல இருக்கும் வார்ம் கியரின் பள்ளங்களில் அது உறைந்து கிடக்க, நாம் கரண்ட் கொடுத்தால் மோட்டார் "ம்ம்ம்" என்று முனகும், நகராது. சரி, இன்னும் கொஞ்சம் கூட்டுவோம் என்று கன்ட்ரோலரைத் திருகுகிறோம் பாருங்கள், அங்கேதான் நல்ல மோட்டாரும் கெட்டுப்போகிறது. சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டாருக்குள் போகும் கரண்ட் முழுக்கச் சூடாகிவிடும். அதனால் நான் முதலில் கரண்டே கொடுப்பதில்லை. பிரித்து, கியர்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, சக்கரம் விரலால் தள்ளினாலே தானாக உருளுகிறதா என்று பார்த்த பிறகுதான் கம்பியைத் தொடுவேன். அந்த ஆல்கஹாலை மேல்கூட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பழைய பெயின்ட் சிலவற்றில் எழுத்தும் எண்ணும் அப்படியே பஞ்சோடு வந்துவிடும். எனக்கு வந்தது.

எண்ணெய் விஷயத்தில் கை தாராளம் ஆகாது. பிளாஸ்டிக்கைத் தின்னாத எண்ணெயாகப் பார்த்து, ஊசி முனையில் நிற்கும் ஒரு சொட்டு ஒரு தாங்கிக்குப் போதும். கூடினால் அது வழிந்து, மோட்டாருக்குள் கரண்டைக் கொண்டுபோகும் கரித்துண்டான பிரஷ் உரசுகிற கம்யூட்டேட்டர் என்ற செம்பு வளையத்துக்குப் போய், பிரஷ்ஷின் கரித்தூளோடு குழைந்து மையாகி, செம்புத் துண்டுகளின் இடைவெளியை அடைத்துவிடும். அப்புறம் இன்ஜின் விட்டு விட்டுத் துள்ளும். அந்த இடைவெளியைச் சுத்தம் செய்யக் கூரான மரக்குச்சியே சரி. பிளேடு வைத்துக் கீறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

மேல்கூட்டைக் கழற்றுவதில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதம். ஆதர்ன் என்ற அமெரிக்க மாடல் கம்பெனியின் 'புளூ பாக்ஸ்' டீசல்களில் இதற்கு ஸ்க்ரூவே தேவையில்லை. பக்கச் சுவரைச் சற்றே விரித்தால் அடிச்சட்டத்தின் காதுகள் விடுபட்டு, கூடு கையோடு வந்துவிடும். உள்ளே மோட்டாரின் தலைமேல் ஒரு தகடு ஓடும், அதைத் தூக்கினால் பாதி வேலை முடிந்தது. பிரிப்பதற்கென்றே செய்தது போல ஒரு வடிவமைப்பு. ஜப்பானில் செய்த பழைய இன்ஜின்களில் இருப்பதோ வெளித்தோற்றத்தில் கூட்டல்குறித் தலை பிலிப்ஸ் போலவே தெரியும் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரம்) ஸ்க்ரூ. சாதாரண ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் நழுவி, தலையை மழித்துவிடும். இது தெரியாமல் மூன்று ஸ்க்ரூவைப் பாழாக்கிய பிறகே ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று வாங்கினேன். இத்தனை வருடத்தில் வாங்கிய கருவிகளில் காசுக்கு உழைத்தது அது ஒன்றுதான்.

நீராவி இன்ஜின் என்றால் சக்கரங்களை அச்சிலிருந்து உருவும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். சக்கரத்தில் இணைப்புத் தண்டு மாட்டும் முளையான கிராங்க், இடது பக்கத்திலும் வலது பக்கத்திலும் ஒன்றுக்கொன்று 90 பாகை தள்ளி நிற்கவேண்டும். அந்த 90 கொஞ்சம் பிசகினாலும் ஓடும், ஆனால் எல்லா அச்சிலும் ஒரே மாதிரி பிசகியிருக்கவேண்டும். ஒரு அச்சு மட்டும் மாறினால், இணைப்புத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இடித்து நிற்கும். டீசலில் அதே போலச் சீரான இடைவெளியில் 'டக், டக்' என்று கேட்டால் அச்சோடு இருக்கும் பிளாஸ்டிக் கியரைப் பாருங்கள். மயிரிழை விரிசல் ஒன்று இருக்கும். ஒட்டினால் நிற்காது, மாற்றத்தான் வேண்டும்.

சரிசெய்யவே முடியாதது ஒன்று உண்டு. பழைய துத்தநாகக் கலவை வார்ப்பில் ஈயம் கலந்திருந்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, வெடித்து, கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். அப்படி ஒரு அடிச்சட்டம் ஸ்க்ரூவைத் திருகும்போதே என் கையில் இரண்டாகப் பிளந்தது. நான் ஒன்றும் அழுத்தவில்லை என்று இன்றைக்கும் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் பெரிய தவறு முதல் வருடத்தில் நடந்தது. திறந்த சட்ட மோட்டார் ஒன்றை 'முழுசாகச் சுத்தம் செய்கிறேன்' என்று காந்தத்தையும் உருவி, ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்தக் காலத்து அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தத்தை இரும்புத் துண்டு எதுவும் இணைக்காமல் வெளியே எடுத்தால் பலம் இறங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாது. மறுபடி பூட்டினேன். இன்ஜின் வெறுமனே ஓடும்போது முன்னைவிட வேகமாகப் பறந்தது! பிரமாதம் என்று நினைத்தேன். இரண்டு பெட்டியை மாட்டியதும் நின்றது, தொட்டால் சுட்டது. மல்டிமீட்டர் 0.8 ஆம்பியர் காட்டியது. காந்தம் சோர்ந்தால் மோட்டார் வேகம் எடுக்கும், இழுவிசை போய்விடும், கரண்டை மட்டும் குடிக்கும்.

போன வருடம்தான் அதற்கு நியோடைமியம் என்ற வலுவான காந்த வில்லைகளை அடுக்கிப் பொருத்தினேன். கரண்ட் 0.3 ஆம்பியருக்கு இறங்கியது, நான்கு பெட்டியை அலுங்காமல் இழுக்கிறது. மகள்தான் கவனித்தாள்: "அப்பா, முன்னாடி போகச் சொன்னா பின்னாடி போகுதே?" வில்லைகளின் துருவத்தை மாற்றி வைத்திருக்கிறேன். சரிசெய்ய மறுபடி காந்தத்தை உருவவேண்டும். உருவவில்லை. கன்ட்ரோலரில் அம்புக்குறி மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.