பெரிய ஸ்பேர் டயரை எங்கே சுமப்பது? அடிப்பகுதி, பெட்டி, பின்கதவு, சுழல்தாங்கி, கூரை: ஓர் அலசல்

கோலாலம்பூரிலிருந்து உலு லங்காட், ஜண்டா பாய்க், கோலகுபு பாரு பக்கத்துக் காட்டுப் பாதைகளுக்குப் போகும் போர்வீல் (நான்கு சக்கரமும் இயங்கும்) வண்டிகளில் பல, கம்பெனி கொடுத்த டயரோடு போவதில்லை. ஹைலக்ஸ், ரேஞ்சர் போன்ற பிக்கப் வண்டிகளில் வரும் 265/65ஆர்17 டயரைக் (அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 விழுக்காடு, ரிம் 17 அங்குலம்) கழற்றிவிட்டு 285/70ஆர்17 மாட்டுவது சர்வசாதாரணம். நான்கு டயருக்கும் பட்டறையில் பேரம் பேசி முடித்த பிறகுதான் ஐந்தாவதைப் பற்றிய பேச்சே எழுகிறது. அப்போது கையில் காசும் இருப்பதில்லை, வண்டியில் இடமும் இருப்பதில்லை.

பழைய சிறிய டயரே ஸ்பேராக இருக்கட்டும் என்று விட்டுவிடுபவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 265/65ஆர்17 டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். 285/70ஆர்17 டயருக்கு 831 மில்லிமீட்டர். அதாவது, ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குச் சிறியது 410 முறையும் பெரியது 383 முறையும் சுற்ற வேண்டும். ஒரே அச்சில் இரண்டையும் மாட்டினால் கிலோமீட்டருக்கு 27 சுற்று வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் (ஒரே அச்சின் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடங்கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) ஓயாமல் சமாளித்துக்கொண்டிருக்கும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே அதே வேலையைச் செய்யும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் தார்ச்சாலையில் போர்வீலைப் போட்டால், முன்னச்சும் பின்னச்சும் ஒன்றையொன்று முறுக்கும். சிறியதை முன்சக்கரத்தில் மாட்டி, டூவீலில் (பின்சக்கரங்கள் மட்டும் இயங்க) மெதுவாக ஓட்டி ஊர் சேர்ந்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் சேற்றில் நிற்கும் வண்டிக்குப் போர்வீல்தான் தேவை. சிறிய ஸ்பேர் பறிப்பதும் அதைத்தான். செம்பனை மட்டையின் முள் குத்திய ஓட்டையை ரப்பர் திரி சொருகி அடைத்துவிடலாம். கல் கிழித்த பக்கச்சுவருக்கு அந்த வைத்தியம் உதவாது. எனவே ஐந்தாவது டயரும் அதே அளவில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பிறகு அதை எங்கே வைப்பது? ரிம்மோடு 35 கிலோவைத் தாண்டும் அந்தச் சுமையை, மழையில், சரிவான இடத்தில், ஒருவரே இறக்கி மாட்ட முடியுமா என்ற கேள்வியைக் கொண்டே ஒவ்வோர் இடத்தையும் எடைபோடுகிறேன். பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான்.

பிக்கப் வண்டிகளில் கம்பெனி தரும் இடம் பின்பக்க அடிப்பகுதி. எடை தாழ்வாக இருப்பதால் வளைவுகளில் வண்டி நிதானமாக நிற்கும். பின்னாலுள்ள சாமான் பெட்டியிலும் இடம் மிஞ்சும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பெரிய டயர் வந்ததும் கதை மாறுகிறது. 831 மில்லிமீட்டர் டயர் சில வண்டிகளில் பின் பம்பரை இடிக்கும், சிலவற்றில் சைலன்சர் குழாயை உரசும். காற்றைக் குறைத்துத் திணிப்பவர்கள் உண்டு. அவர்கள் காற்றடிக்கும் கருவியையும் எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும். தொங்கும் டயர், வண்டியின் பின்பகுதி மேட்டிலிருந்து இறங்கும்போது மண்ணையும் கல்லையும் வாரிக்கொள்ளும்.

பெரிய சிக்கல் இறக்கும்போது வருகிறது. பம்பரில் உள்ள சிறு துளை வழியாகக் கம்பியை நுழைத்துச் சுற்றினால், சங்கிலியில் தொங்கும் டயர் மெல்ல இறங்க வேண்டும். பல மாதம் தொடாமல் விட்ட வண்டியில் அந்தச் சங்கிலியின் கண்ணிகளுக்கிடையே செம்மண் காய்ந்து கெட்டித்துப்போய், மேலே துருவும் ஏறியிருக்கும். கம்பி சுற்றும், டயர் அசையாது. அது இறங்கினாலும், பஞ்சரானது பின்டயராக இருந்தால் வண்டி ஏற்கெனவே தாழ்ந்திருப்பதால், ஸ்பேரை வெளியே இழுக்க இடைவெளி போதாது. முதலில் ஜாக் வைத்துத் தூக்க வேண்டும். ஜாக் சேற்றில் புதையாமலிருக்க அடியில் பலகை வேண்டும். பிறகு சேற்றில் படுத்து அதை இழுக்க வேண்டும். தனியாகக் காட்டுக்குள் போகும் வண்டிக்கு இந்த இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே பிக்கப்பின் பெட்டிக்குள், கேபினை ஒட்டி டயரைச் சாய்வாக நிறுத்தி, பெட்டித் தரையின் அடியில் தடித்த தகடு கொடுத்துப் போல்ட்டால் இறுக்குவது எனக்குப் பிடித்த முறை. எடை பின்னச்சுக்கு முன்னால் விழுகிறது, பின் ஸ்பிரிங் தொய்வதில்லை. டயரைப் பின்பலகை வரை உருட்டிக்கொண்டு வந்து சாய்த்து இறக்கலாம், முதுகு தாங்கும். படுக்கவைத்தால் மட்டும் பெட்டியில் பாதிக்கு மேல் போய்விடும். கூடாரம், குளிர்பெட்டி, குடும்பம் என்று போகிறவர்களுக்கு இடம் இடிக்கும். மேல்மூடி போட்ட வண்டியில் டயரை வெளியே எடுப்பதும் சிரமம். கொண்டோ கார்நிறுத்தத்தில் நிற்கும் வண்டிக்குச் சங்கிலியும் பூட்டும் கட்டாயம் தேவை.

ஜிம்னி, ரேங்ளர், பழைய பஜேரோ போன்றவற்றில் ஸ்பேர் பின்கதவிலேயே இருக்கிறது. நின்றபடியே நட்டைக் கழற்றி எடுக்கலாம். இந்த வசதிக்கு ஈடு இல்லை. ஆனால் அந்தக் கதவு, கம்பெனி கொடுத்த டயரின் எடையைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஜிம்னியின் 195/80ஆர்15 டயர் 693 மில்லிமீட்டர் விட்டம்; பலர் மாற்றும் 235/75ஆர்15 டயரோ ஏறத்தாழ 733. எடை கூடுகிறது, அகலமும் 40 மில்லிமீட்டர் கூடுவதால் அந்த எடை கதவிலிருந்து இன்னும் விலகி நிற்கிறது. கதவைப் பிடித்துத் தொங்கும் குழந்தை ஓரடி தள்ளித் தொங்கினால் கீல் எப்படி முனகுமோ, அப்படித்தான் இதுவும். மண்சாலையின் இடைவிடாத அதிர்வில் முதலில் கீல் தளர்கிறது, பிறகு கதவு தாழ்ந்து பூட்டில் சரியாக உட்காருவதில்லை, கடைசியில் தாங்கி பொருந்தியுள்ள தகட்டைச் சுற்றி மயிரிழைபோல் வெடிப்பு தெரிகிறது. கதவின் உள்பக்க அலங்கார அட்டையைக் கழற்றிப் பார்த்தால்தான் அது கண்ணில் படும். பம்பரில் இடிக்காமலிருக்கத் தாங்கியை உயர்த்தினால் பின்கண்ணாடி மறைகிறது. ஜிம்னியில் இந்த அளவு வரை, கீலுக்கு வலுவூட்டும் இரும்பைப் போட்டுக்கொண்டு, கதவிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் கதவை விட்டுவிட வேண்டும்.

அப்போது வருவது பின் பம்பரில் பொருத்தும் சுழல்தாங்கி, அதாவது டயரைச் சுமந்தபடி கதவுபோல் பக்கவாட்டில் விலகும் இரும்புக் கை. எடை கதவில் விழாமல் நேராக வண்டியின் அடிச்சட்டத்தில் விழுவதால் 35 அங்குல டயரையும் அது சுமக்கும். விலையும் கனமும் ஒன்றாக வருகின்றன: இரும்பு பம்பர், சுழலும் கை, டயர் எல்லாம் சேர்ந்த சுமை பின்னச்சுக்குப் பின்னால் தொங்குவதால், ஸ்பிரிங்கைக் கெட்டியாக்காமல் போட்டால் பின்பக்கம் தாழ்ந்து, செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிப் பிடிப்பை இழக்கும். ஒவ்வொரு முறை பின்கதவைத் திறக்கவும் முதலில் அந்தச் சுழலும் கையை விலக்க வேண்டும். சுழலும் அச்சின் பேரிங்கில் ஆற்றுநீர் புகுந்தால் கிரீஸ் போய்விடும். பிறகு ஓயாத கடகடப்புதான். டயர், வண்டியின் எண் பலகையையோ பின்விளக்கையோ மறைத்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சோதனையில் மாட்டிக்கொள்ள நேரும். பொருத்தும்போதே இரண்டுக்கும் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

கூரையைக் கடைசியில்தான் சொல்ல முடிகிறது. நகர்ப்புறக் கார்நிறுத்தங்கள் பலவற்றில் உயர வரம்பு 2 மீட்டரை ஒட்டியே இருக்கிறது, 1.72 மீட்டர் உயர ஜிம்னியின் மேல் கேரியரும் 235 மில்லிமீட்டர் அகல டயரும் ஏறினால் அந்த வரம்பு தாண்டிவிடும். சரிவில் பக்கவாட்டில் சாயும் வண்டிக்கு உச்சியில் எடை ஏற்றுவது ஆபத்து. தனி ஆள் அதைத் தலைக்கு மேலிருந்து வாங்கி இறக்குவதும் ஆபத்துதான்.

சுழல்தாங்கிக்குச் செலவழிக்க மனமில்லாத, பெட்டியையும் விட்டுக்கொடுக்க முடியாத பிக்கப்காரர்களுக்கு ஒரு வழி மிச்சமிருக்கிறது. முன்பு சொன்ன இரண்டுக்கும் இடைப்பட்ட 265/70ஆர்17 டயரின் விட்டம் ஏறத்தாழ 803 மில்லிமீட்டர். நான்கு டயரை வாங்குவதற்கு முன் ஸ்பேர் தொங்கும் இடத்தில் டேப்பை வைத்து அளந்து பாருங்கள். அந்த ஒன்று அங்கே காற்றோடு உட்காரும் என்றால் ஐந்தையும் அதே அளவில் வாங்கி, இறக்கும் சங்கிலியை மாதம் ஒருமுறை கழுவிக் கிரீஸ் தடவிவிடுங்கள்.