ஐஸை உடைத்துப் போகிற கப்பலா, ஐஸோடு மிதந்து போகிற கப்பலா?

திருகோணமலையில் ஒருவன் கப்பலுக்குப் போகிறான் என்றால் சாமான் கப்பல்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். கம்பஸில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் சிலர் இப்போது வேறு கப்பலைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஆர்க்டிக் சமுத்திரத்தில் ஆராய்ச்சி செய்கிற கப்பல். இடம் கிடைக்குமா என்று கேட்கிறார்களே தவிர, எந்த மாதிரிப் பயணம் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு மாதிரி இருக்கிறது, இரண்டுக்கும் ஆள் வேறு.

முதலாவது, ஐஸை உடைத்துக்கொண்டு போய், குறித்த இடத்தில் நின்று அளந்துவிட்டு, அடுத்த இடத்துக்குப் போவது. அமெரிக்கக் கரையோரக் காவல் படையின் 'ஹீலி', கனடாவின் 'அமுண்ட்சென்' போன்ற கப்பல்கள் பெரும்பாலும் கோடையில் இப்படித்தான் வேலை செய்கின்றன. சில வாரங்களில் முடிந்துவிடும். இரண்டாவது, கப்பலை வேண்டுமென்றே ஐஸில் உறையவிட்டு, ஐஸ் இழுக்கிற பக்கம் போவது. நோர்வேக்காரர் நான்சென் 1893இல் 'ஃப்ராம்' கப்பலோடு இதைத் தொடங்கினார். கப்பல் ஐஸிலிருந்து விடுபட்டது 1896இல். 2019 செப்டம்பரில் நோர்வேயின் ட்ரொம்சோ துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஜெர்மனியின் 'போலார்ஸ்டெர்ன்' அதையே 'மொசெய்க்' என்ற பெயரில் ஒரு வருடத்துக்குச் செய்தது.

கேட்க ஆசையாக இருப்பது இரண்டாவது. முதல் தடவை போகிற பிள்ளைக்கு நான் சொல்வது முதலாவது.

காரணம் வேலைதான். ஓடுகிற கப்பலில் நாளாந்த வேலை சிடிடி. உப்பு, வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளக்கிற கருவி அது. சுற்றிவரப் பெரிய போத்தல்கள் பூட்டியிருக்கும். கம்பியில் கட்டி இறக்குவார்கள். 4,000 மீற்றர் இறக்கி ஏற்ற மூன்று மணித்தியாலம் போய்விடும். இறங்கும்போதே, ஆழத்துக்கு ஆழம் வெப்பமும் உப்பும் எப்படி மாறுகிறது என்று காட்டுகிற கோடு திரையில் வரும். அதைப் பார்த்துத்தான் எந்த ஆழத்தில் எந்தப் போத்தலை மூடுவது என்று முடிவெடுப்பார்கள். நம் கடலில் மேலே சூடு, கீழே போகப் போகக் குளிர். அங்கே தலைகீழ். மேற்பரப்பு உறைநிலையை ஒட்டி, ஏறக்குறைய −1.7 பாகை செல்சியஸில் கிடக்கும். சில நூறு மீற்றர் கீழே அட்லாண்டிக்கிலிருந்து வந்த, பூச்சியத்துக்கு மேற்பட்ட வெப்பநிலையுள்ள நீர் இருக்கும். சூடான நீர் மேலே வராமல் தடுப்பது உப்பு. உலக ஆறுகளின் நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், உலகக் கடல்நீரில் ஒரு வீதம் மட்டுமே கொண்ட அந்தச் சமுத்திரத்தில் போய்ச் சேர்கிறது. உப்புக் குறைந்த பாரமில்லாத நீர் மேலேயே மிதக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்காள விரிகுடாவின் தலையில் செய்கிற வேலையும் இதுதான். ஆகவே நம் பிள்ளைகளுக்கு அந்தக் கோடு முழுப் புதிதாக இராது.

கருவி மேலே வந்த பிறகு அவசரம் தொடங்கும். போத்தலிலிருந்து முதலில் எடுப்பது வாயுக்களுக்கான மாதிரி, ஏனென்றால் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். ஊட்டச்சத்து மாதிரிகள் அதற்குப் பிறகு, உப்பு கடைசியில். வெளியே விட்டுவைத்தால் குழாய் உறைந்துவிடும், உணர்கருவிக்குள் நீர் உறைந்தால் அதுவும் பழுதாகும். அதனால் உடனே சூடான கொட்டகைக்குள் இழுத்துவிடுவார்கள். பிறகு அடுத்த இடம். ஐஸ் இலேசாக இருந்தால் சில மணித்தியாலம். தடித்திருந்தால் கப்பல் பின்வாங்கி, மோதி, திரும்பப் பின்வாங்கி, பாதி நாள். சில வாரத்தில் இதை எத்தனையோ தடவை செய்வீர்கள், கை தானாகப் பழகிவிடும்.

உறைந்த கப்பலில் வேலையின் பெரும்பகுதி கப்பலுக்கு வெளியே. மொசெய்க்கில் ஐஸ் மேலேயே சமுத்திரத்துக்கு ஒரு முகாம், வானிலைக்கு ஒரு முகாம் என்று வைத்தார்கள். துருவ இரவில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். துப்பாக்கியோடு ஒருவர் கரடிக்குக் காவல் நிற்பார். அவர் இல்லாமல் யாரும் இறங்க முடியாது, அந்தக் காவலும் முறைபோட்டு விஞ்ஞானிகளுக்கே வரும். கருவி இறக்குகிற துளை மூடிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். ஐஸ் வெடித்தால் மின்கம்பியை இழுத்து வேறு இடத்தில் போட வேண்டும். இதெல்லாம் அரிய அனுபவம்தான், ஆனால் பாதி நேரம் முகாமைக் காப்பாற்றுவதிலேயே போகும். ஐஸையோ காற்றையோ படிக்கிறவருக்கு அது வீணில்லை. ஒரே இடத்து ஐஸ் மாரியில் வளர்ந்து கோடையில் உருகுவதைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. காற்று வீசுகிற திசைக்கு ஐஸ் வலப்பக்கம் விலகிப் போகிறது என்பதை நான்சென் கண்டதும் இப்படி மிதந்துதான். காற்று கடல்நீரை எப்படி இழுக்கிறது என்று சொல்கிற, ஸ்வீடன் விஞ்ஞானி எக்மனின் கணக்கு அதிலிருந்தே 1905இல் வந்தது.

உடம்புக்கு எது சுகம்? ஐஸ் உடைக்கிற கப்பலின் அடி உருண்டையாக இருப்பதால் திறந்த கடலில் மோசமாக உருளும். வாடைக்காற்றில் வள்ளம் ஏறிப் பழகியவர்களும் வாந்தி எடுக்கலாம். ஐஸுக்குள் போனதும் உருளல் நின்று இரைச்சல் தொடங்கும், கட்டில் அதிரும். அதோடு 12 மணித்தியால முறைவேலை, சூரியன் மறையாத கோடை. உறைந்த கப்பல் ஆடாது, அமைதி. நித்திரை விஷயத்தில் அதற்குத்தான் என் வாக்கு.

திரும்பி வருகிற விஷயத்தில் அப்படியே மாறிவிடும். 2020 ஏப்ரலில் மொசெய்க்கில் ஆள் மாற்ற விமானம் வருவதாக இருந்தது. கொரோனா வந்து எல்லாம் நின்றது. கடைசியில் போலார்ஸ்டெர்ன் ஐஸை விட்டு, நோர்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் வந்து, வேறு இரண்டு ஜெர்மன் கப்பல்களைச் சந்தித்துத்தான் ஆளை மாற்றினார்கள், அதுவும் ஏறக்குறைய இரண்டு மாதம் பிந்தி. வீட்டில் வயதான அம்மா அப்பா இருக்கிற பிள்ளை இதை யோசித்தே கையெழுத்துப் போட வேண்டும்.

சாப்பாட்டில் பெரிய வித்தியாசமில்லை. சில வாரத்தில் பச்சைக் காய்கறி முடிந்துவிடும், உருளைக்கிழங்கு முடியாது. ஹலாலோ சைவமோ வேண்டுமென்றால் ஏறுவதற்கு முன்பே எழுதிக் கேட்டு வையுங்கள். ஒரு போத்தல் சீனிச்சம்பலும் கொண்டு போங்கள். நோன்பு மாதம் வந்தால், சூரியனே மறையாத இடத்தில் மக்காவின் நேரத்தைப் பின்பற்றுகிறவர்கள் உண்டு. போன் விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வடக்கே அகலாங்கு 80 பாகையைத் தாண்டினால், பூமத்திய ரேகைக்கு மேலே ஒரே இடத்தில் நிற்கிற புவிநிலைச் செய்மதிகள் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். தாழப் பறக்கிற செய்மதிகள் வந்தபின் நிலைமை மாறி வருகிறது என்றாலும், கப்பலுக்குக் கப்பல் விதி வேறு.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, அதை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை: போகாமலே படிப்பது. அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிறுவனம் 2004 முதல் ஐஸில் பொருத்தி வருகிற தானியங்கிக் கருவிகள் கம்பியில் ஏறி இறங்கித் தாமாகவே அளந்து அனுப்புகின்றன, அந்தத் தரவு எல்லாருக்கும் திறந்தது. மொசெய்க் தரவையும் 2023 தொடக்கத்தோடு பொதுவில் விடுவதென்று முன்பே முடிவெடுத்திருந்தார்கள். ஒரு மடிகணினி இருந்தால் திருகோணமலை உவர்மலையில் இருந்துகொண்டே நான் மேலே சொன்ன கோட்டுப் படத்தை வரையலாம். குளிர் படாது, கை பழகாது, ஆனால் செலவும் இல்லை. விண்ணப்பக் கடிதத்தில் "ஆர்வம் உண்டு" என்று எழுதுகிறவரைவிட, வரைந்த படத்தைச் சேர்த்து அனுப்புகிறவரைத்தான் நான் கூப்பிடுவேன். வளரும் நாட்டு இளைஞர்களுக்குக் கப்பல் பயிற்சி கொடுத்து வந்த 'போகோ' என்ற உலகக் கூட்டமைப்பின் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

இடம் கிடைத்துவிட்டால் முதலில் பல் வைத்தியரிடம் போங்கள். கப்பலில் டொக்டர் இருப்பார், பல்லுக்கு வேறு ஆள் இருக்கமாட்டார். அப்புறம் விசா. ஸ்வால்பார்ட்டுக்குத் தனியாக விசா தேவையில்லை, ஆனால் அது ஷெங்கன் எல்லைக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லைக்கு, வெளியே. நோர்வே வழியாகப் போய் நோர்வே வழியாகவே திரும்ப வேண்டும் என்பதால், நம் கடவுச்சீட்டுக்கு இரண்டு தடவை நுழையக்கூடிய ஷெங்கன் விசா கேட்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு தடவை என்று குறித்துவிட்டால் திரும்பி வரும் வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.