பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒரு காலை நடை: தன்னார்வலர் சேவை பற்றிய மதிப்புரை

தென்சென்னையில் இயங்கும் ஒரு தன்னார்வலர் குழு, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிக் கட்டணமின்றி நடத்தும் ஞாயிறு காலை நடையில் அண்மையில் கலந்துகொண்டேன். பறவை பார்ப்பதோடு நில்லாமல், கீழ்க்கட்டளை ஏரியின் உபரிநீர் நாராயணபுரம் ஏரி வழியாக இங்கு வந்து சேர்வதையும், பின்னர் ஒக்கியம் மடுவின் ஊடாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு வடிவதையும், கையால் வரைந்த ஒரு வரைபடத்தை விரித்து விளக்கினார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற சதுப்பு நிலமாயினும், மேலேயுள்ள ஏரிகளின் வரத்துக்கால்வாய் அடைபட்டால் இதுவும் கெடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீலத் தாழைக்கோழி ஒன்று கோரைத்தண்டைக் காலால் பிடித்து, நாம் கரும்பு கடிப்பதைப் போலக் கடித்துத் தின்றதைத் தொலைநோக்கியில் அருகிலெனக் கண்டேன். அதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

குறைகளும் உண்டு. நடை முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. இருபது பேருக்கு இரண்டே தொலைநோக்கிகள். குப்பை அகற்றத் தந்த கையுறை, முதல் கண்ணாடிப்புட்டியை எடுக்கும்போதே கிழிந்தது. அகற்றிய ஆகாயத்தாமரை என்னும் நீர்க்களையைக் கரையிலேயே குவித்துவிட்டு வந்ததுதான் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த மழையில் அது மீண்டும் நீரில் இறங்கிவிடும். சிறுவர்களை அழைத்துச் செல்வோர் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் எடுத்துச் செல்லவும், வழியில் நிழல் கிடையாது.