ஈ.எஸ்.ஆரா, சி.ஆர்.பி.யா, ஆன்டி-சி.சி.பி.யா: முடக்குவாத மருந்து பலிக்கிறதா என்று எதைப் பார்ப்பது?

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் தொடங்கி மூன்று மாதம் கழித்து வரும் நோயாளியின் கையில், பெரும்பாலும் ஒரே தாளில் நான்கு முடிவுகள் இருக்கும்: ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சி.சி.பி. ஒரே ஊசியில் எடுத்த ரத்தம்தான் என்றாலும், நான்கும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை. முதல் இரண்டும் இன்றைக்கு உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டுகின்றன. மற்ற இரண்டும் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள்; நோயின் வகையையும் அது போகக்கூடிய போக்கையும் பற்றியவை. இதை யாரும் எடுத்துச் சொல்லாததால், மூட்டு வீக்கம் நன்றாக வடிந்த பிறகும், ஆர்.ஏ. ஃபேக்டர் 'பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்து, மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்திய சில வாரங்களில் விரல் மூட்டுகள் மறுபடி வீங்குவது பார்க்கப் பொறுக்காத காட்சி.

ஆகவே அந்த இரண்டு எதிர்ப்பொருள்களிலிருந்தே தொடங்குகிறேன். ஆர்.ஏ. ஃபேக்டரை 1940-இல் நார்வே நாட்டின் எரிக் வாலர் விவரித்தார். இது நம் உடம்பின் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளையே குறிவைக்கும் மற்றோர் எதிர்ப்பொருள். ஹெபடைட்டிஸ் சி, காசநோய் போன்ற நெடுநாள் தொற்றுகளிலும், நோயே இல்லாத சில முதியவர்களிடத்திலும் இது இருக்கும். ஆன்டி-சி.சி.பி. அப்படியன்று, அது பாசிட்டிவாக வந்தால் முடக்குவாதம் என்று நம்புவதற்கு மிக வலுவான காரணம் இருக்கிறது. நோயைக் கண்டறிவதில் ஆன்டி-சி.சி.பி.க்கே என் வாக்கு. ஆனால் சிகிச்சையின் பலனை அளக்க இரண்டுமே உதவா. ஆர்.ஏ. ஃபேக்டர் சிலருக்குக் குறையும், ஆன்டி-சி.சி.பி. பெரும்பாலும் நோய் அடங்கிய பிறகும் அப்படியே நிற்கும். மூன்று மாதத்துக்கொரு முறை இவற்றைத் திரும்ப எடுப்பது நோயாளியின் பணத்தை வீணாக்குவதாகும். மருந்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் மட்டும் இவற்றுக்கு மீண்டும் ஒரு வேலை உண்டு: இவை பாசிட்டிவாக உள்ளவர்களுக்கு ரிட்டுக்சிமாப் என்ற மருந்து கூடுதலாகப் பலன் தருகிறது; அபாட்டாசெப்ட் என்ற மருந்திலும் இத்தகைய சாய்வு காணப்பட்டிருக்கிறது.

இனி அழற்சியை அளக்கும் இரண்டு. ஈ.எஸ்.ஆருக்கு வெஸ்டர்கிரென் முறையில், சிட்ரேட் கலந்த ரத்தத்தை 200 மில்லிமீட்டர் அளவு குறித்த மெல்லிய குழாயில் ஏற்றி, செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரம் விடுகிறார்கள். சிவப்பணுக்கள் கீழே படிய, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்கும் பிளாஸ்மாவின் உயரமே முடிவு. அழற்சியில் ஃபைப்ரினோஜன் கூடுவதால் சிவப்பணுக்கள் அடுக்கிய காசுகளைப் போல ஒட்டிக்கொண்டு விரைவாக இறங்குகின்றன. ஆனால் ரத்தசோகை, முதுமை, கர்ப்பம் ஆகியவையும் இந்த உயரத்தைக் கூட்டும். ரத்தசோகை பரவலாக உள்ள நம் ஊர்ப் பெண்களுக்கு இது சிறிய விஷயமன்று. 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, ஈ.எஸ்.ஆரையும் நோயாளி தன் நிலைக்குக் கொடுக்கும் மதிப்பையும் சேர்த்துக் கணக்கிடும் டி.ஏ.எஸ். 28 மதிப்பெண் 2.6-க்குக் கீழே இருந்தால் நோய் அடங்கியது என்று கொள்வது வழக்கம். ஒரு மூட்டிலும் வலியோ வீக்கமோ இல்லாமல், 'எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை' என்று நோயாளியே சொன்னாலும், ஈ.எஸ்.ஆர். 45 என்றிருந்தால் அந்த மதிப்பெண் 2.66 என்று வந்துவிடும்.

சி.ஆர்.பி.யை 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட்டும் பிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டார்கள். கல்லீரல் சுரக்கும் இந்தப் புரதத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 19 மணி நேரமே என்பதால், அழற்சி தணிந்த சில நாட்களில் இறங்கிவிடும், ஈ.எஸ்.ஆர். இறங்கப் பல வாரம் ஆகும். ரத்தசோகை இதைக் குழப்புவதில்லை. தொற்றும் உடல் பருமனும் கூட்டும் என்பது உண்மைதான். இருந்தாலும், இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், தொடர் கண்காணிப்புக்கு சி.ஆர்.பி.யையே எடுக்கச் சொல்வேன். நோய் தீவிரமாக இருந்தபோதே சி.ஆர்.பி. இயல்பாக இருந்தவர்கள் மட்டும் விதிவிலக்கு; அவர்களுக்கு இனியும் அந்த எண் எதையும் சொல்லாது.

அமெரிக்காவில் 12 புரதங்களைச் சேர்த்து 1 முதல் 100 வரை ஒரே மதிப்பெண்ணாகத் தரும் வெக்ட்ரா பரிசோதனையும் உண்டு. அபாட்டாசெப்ட்டையும் அடலிமுமாப் என்ற இன்னொரு முடக்குவாத மருந்தையும் ஒப்பிட்ட ஆய்வில் அந்த மதிப்பெண் மூட்டுகளின் நிலையோடு ஒத்துப்போகவில்லை என்பதால், அதன் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

எல்லாவற்றிலும் கவனமாக இருக்க வேண்டிய இடம் டோசிலிசுமாப் என்ற முடக்குவாத மருந்து. கல்லீரலை சி.ஆர்.பி. சுரக்கச் சொல்வது இன்டர்லூக்கின்-6; அதன் ஏற்பியையே இந்த மருந்து அடைத்துவிடுகிறது. ஆகவே மூட்டு ஆறினாலும் ஆறாவிட்டாலும் சி.ஆர்.பி.யும் ஈ.எஸ்.ஆரும் தரைக்கு இறங்கிவிடும். நான்கு மூட்டுகள் வீங்கி, இரண்டு வலித்து, நோயாளி தன் நிலைக்கு நூற்றுக்கு 20 கொடுத்து, ஈ.எஸ்.ஆர். 3 என்றிருந்தால், டி.ஏ.எஸ். 28 கணக்கு 2.40 என்று வந்து, நோய் அடங்கிவிட்டதாகச் சொல்லும். வீங்கிய நான்கு மூட்டுகள் கண்ணெதிரே இருக்கும். இத்தகையவர்களுக்கு ரத்தப் பரிசோதனையே சேராத சி.டி.ஏ.ஐ. கணக்குதான் பொருத்தம்.

அதைவிட அவசரமானது காய்ச்சல். டோசிலிசுமாப் எடுப்பவருக்கு நிமோனியா வந்தாலும் சி.ஆர்.பி. ஏறாமல் இருக்கலாம். இருமலோடு அவசரப் பிரிவுக்குப் போகிறவர் அங்கே முதலில் சொல்ல வேண்டியது, தாம் எடுக்கும் ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும்தான்.